குழந்தைகள் இல்லாத கப்பல் கேட்பது தவறா?

கேள்வி:

மதிப்புக்குரிய அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 43, கணவருக்கு 47. திருமணமாகி 17 ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பது ஆண்டுகள் சிகிச்சை எடுத்தோம். ‘இனி போதும்’ என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். மனம் கொஞ்சம் மாறட்டும் என்று சென்ற மே மாதம் சிங்கப்பூர் போய், அங்கிருந்து நான்கு நாள் கப்பல் பயணம் சென்றோம். நீச்சல் குளத்தில் கால் வைக்க இடமில்லை. நள்ளிரவில் நடைவழியில் பிள்ளைகள் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். சாப்பாட்டு மேசையில் எங்களோடு இன்னும் எட்டுப் பேரை உட்கார வைத்தார்கள். முதல் நாளே ‘உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?’ என்று கேட்டார்கள். இல்லை என்றதும் டாக்டர் பெயர், கோயில் பெயர், விரதம் என்று நான்கு நாளும் அதே பேச்சுதான்.

ஊர் திரும்பியபின் ஒரு வளைகாப்பு வீட்டில், ‘பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆண்டில் சில பயணங்களையாவது பெரியவர்களுக்கு மட்டும் என்று விட்டால் என்ன?’ என்று சொன்னேன். ‘பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளைகளின் சத்தம் பொறுக்காதுதான்’ என்று என் நாத்தனார் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அவருடைய ஒன்பது வயது மகனுக்குச் சனிக்கிழமைதோறும் கணக்குச் சொல்லிக்கொடுப்பது நான்தான். நான் கேட்டது தவறா? கப்பல் நிறுவனங்கள் அப்படிச் செய்யலாமா? எங்களுக்கு ஏற்ற கப்பல் ஏதாவது இருக்கிறதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மடிப்பாக்கம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டது தவறில்லை. மற்றதை எல்லாம் எழுதுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. உங்கள் நாத்தனார் சொன்னதுதான் தவறு. அது உங்களைப் புண்படுத்தியது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சில் உண்மையே இல்லை என்பதை என் தொழில் எனக்குக் காட்டியிருக்கிறது.

எழும்பூரில் பயண ஏற்பாட்டு அலுவலகம் வைத்து 26 ஆண்டுகள் ஆகின்றன. கப்பல் பயணம் கேட்டு வருகிறவர்களில், பணம் பற்றியும் சாப்பாடு பற்றியும் எல்லாம் பேசி முடித்துவிட்டு, எழுந்திருக்கும் நேரத்தில் குரலைத் தணித்து, ‘சின்னப் பிள்ளைகள் அதிகம் இல்லாத தேதியாகப் பார்க்க முடியுமா?’ என்று கேட்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. அவர்களில் பிள்ளை இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லோரும் பெற்றவர்கள், வளர்த்தவர்கள். ஓய்வு பெற்ற மறுமாதம் வந்த ஒரு தலைமையாசிரியை நினைவுக்கு வருகிறார். வட சென்னைப் பள்ளி ஒன்றில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவர். ‘மணியோசையும் பிள்ளைகள் கூச்சலும் கேட்காத ஒரு வாரம் வேண்டும், அம்மா. அதன் பிறகு அவர்கள் இல்லாமல் எனக்கே இருப்புக்கொள்ளாது’ என்றார். அடையாற்றில் இருந்து ஒரு தாத்தா பாட்டி வந்தார்கள். மகனும் மருமகளும் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலைக்குப் போக, இரண்டு பேரப் பிள்ளைகளையும் காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை பார்த்துக்கொள்கிறவர்கள். அந்தப் பாட்டி என்னிடம் கேட்டபோது கண்ணை நேராகப் பார்க்கவில்லை. ஏதோ குற்றம் செய்தவர் போலச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அந்தப் பிள்ளைகள் மீது அவருக்கு அன்பில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஓய்வு என்றால் அன்றாடம் சுமப்பதை இறக்கி வைப்பது. ஒருவர் சுமப்பது இன்னொருவருக்குத் தெரிவதில்லை. உங்கள் ஒன்பது ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கும் முழுதாகத் தெரியாது. நான்கு நாள் அதை இறக்கி வைக்க இடம் தேடினீர்கள். கிடைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இனி கப்பல் நிறுவனங்கள் பற்றி.

பெரியவர்களுக்கு மட்டுமான கப்பல்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் ஊரில் அவற்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ரிச்சர்ட் பிரான்சனின் வெர்ஜின் வாயேஜஸ், 2021-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய நாளில் இருந்தே 18 வயது நிரம்பாதவர்களை ஏற்றுவதில்லை. வைகிங் நிறுவனத்தின் கடற்பயணங்களிலும் 18 வயதுதான் எல்லை. 2015-ல் வந்த அதன் முதல் கடற்கப்பலான வைகிங் ஸ்டாரில் சுமார் 930 பயணிகள்தான், சூதாட்டக் கூடமும் கிடையாது. பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் தன் கப்பல்களில் ஆர்கேடியா, அரோரா என்ற இரண்டை மட்டும் பெரியவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் குடும்பங்களுக்கு விட்டிருக்கிறது. இந்த மூன்றில் பி அண்ட் ஓவின் ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே நிறுவனம் இரு தரப்பையும் மதிக்கிறது; யாரையும் விரட்டவில்லை.

நீங்கள் கேட்பது ராயல் கரீபியன், கார்னிவல், எம்எஸ்சி போன்ற, எல்லோருக்குமான பெரிய நிறுவனங்களைப் பற்றி. குழந்தைகளை மனத்தில் வைத்தே கட்டப்பட்ட கப்பல்கள் அவர்களுடையவை. அவற்றில் சில பயணங்களை மட்டும் பெரியவர்களுக்கென்று அறிவிக்க ஏன் தயங்குகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, கப்பல் எப்படி நிரம்புகிறது என்று பார்க்க வேண்டும். ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய கப்பல். ஓர் அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் அதில் 5,610 பேர். சோபாவை விரித்து, மேல்படுக்கையை இறக்கி, எல்லாப் படுக்கைகளையும் நிரப்பினால் ஏறத்தாழ 7,600 பேர். நடுவில் நிற்கும் அந்த இரண்டாயிரம் படுக்கைகளில் பெரும்பாலும் படுப்பது பிள்ளைகள்தான். அறைக்கு இருவர் என்பதை நூறாக வைத்துக் கணக்கிடுவதால், இந்தத் தொழிலில் கப்பல் 100 சதவீதத்துக்கு மேல் நிரம்பியது என்று சொல்வது சாதாரணம். முதன்முதலில் கேட்டபோது எனக்கே விளங்கவில்லை.

பெரியவர்களுக்கு மட்டும் என்று அறிவித்தால் அந்த மூன்றாவது, நான்காவது படுக்கைகள் காலியாகவே போகும். சறுக்கு மரம், விளையாட்டுக் கூடம், அவற்றுக்கென்று அமர்த்திய ஆட்கள் எல்லாம் அந்த வாரம் சும்மா இருக்கும். எட்டு வயதில் கப்பல் ஏறிய பிள்ளை முப்பது வயதில் தன் பிள்ளைகளோடு அதே நிறுவனத்துக்கு வரும் என்ற நீண்டகாலக் கணக்கும் அவர்களுக்கு உண்டு. இவை எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு. சில சலுகைக் காலங்களில் பிள்ளைகளுக்கு இலவசம் என்றே அறிவிக்கிறார்கள். மது, ஸ்பா, தனிக் கட்டண உணவகம் என்று கப்பலுக்குள் செலவு செய்பவர்கள் பெரியவர்கள். பள்ளிகள் நடக்கும் வாரங்களில் அந்தப் படுக்கைகளில் பல எப்படியும் காலியாகத்தான் போகின்றன. அந்த வாரங்களில் இரண்டையோ மூன்றையோ பெரியவர்களுக்கென்று அறிவித்தால் பெரிய நஷ்டம் வந்துவிடாது என்பது என் கணிப்பு.

ஆகவே செய்யலாமா என்றால், செய்ய வேண்டும் என்பேன். எங்கே செய்யலாம், எங்கே கூடாது என்பதில்தான் எனக்குக் கண்டிப்பு உண்டு. அதற்கு என் பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் தாய்வழிப் பாட்டி ரஜூலா கப்பலில் பினாங்கு போனவர். 1926-ல் கட்டப்பட்டு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த கப்பல் அது. தஞ்சைப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் ரஜூலாவின் பெயர் தெரியாத வீடு குறைவு. பாட்டி போனது குறைந்த கட்டண டிக்கெட்டில். மேல்தளத்தில் பாய் விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, இடுப்பில் ஒரு வயதுப் பையனோடும் கையில் நாலு வயது மகளோடும். அந்த நாலு வயது மகள்தான் என் அம்மா. கப்பலில் பக்கத்துப் பாய்க்காரர்கள் எல்லோரும் குழந்தையை மாறி மாறி வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றும், வாந்தி எடுத்துத் துவண்ட தன்னைவிடக் குழந்தைகள் தெம்பாக இருந்தார்கள் என்றும் பாட்டி சொல்வார். குழந்தைகளை ஏற்றாத கப்பல் ஒன்று உண்டு என்று அவரிடம் சொல்லியிருந்தால் திகைத்துப் போயிருப்பார். கணவர் அக்கரையில் தோட்டக் கணக்கர், இவர் இக்கரையில். நடுவில் கப்பல் ஒன்றே வழி. அதில் குழந்தைக்கு இடமில்லை என்றால் அந்தக் குடும்பம் சேர்ந்திருக்கவே முடியாது.

என் அளவுகோல் இங்கிருந்து வந்ததுதான். குழந்தை ஏறுவதற்கு வேறு கப்பலோ வேறு தேதியோ இருக்கும் இடத்தில், ஒரு பயணத்தைப் பெரியவர்களுக்கென்று ஒதுக்குவதில் அநியாயம் ஏதுமில்லை. இருப்பதே ஒன்றுதான் என்ற இடத்தில் அப்படி ஒதுக்கக் கூடாது. இன்று நாம் பேசும் சொகுசுக் கப்பல் ரஜூலாவைப் போல அக்கரைக்குப் போகும் வழி கிடையாது. ஏறிய துறைமுகத்திலேயே திரும்ப இறக்கிவிடும் ஒரு மிதக்கும் விடுதி. சிங்கப்பூரில் இருந்து ராயல் கரீபியன் கிளம்புகிறது, ஜென்டிங் ட்ரீம் கிளம்புகிறது, குழந்தைகளுக்காகவே டிஸ்னி தன் கப்பல் ஒன்றை அங்கே நிறுத்துகிறது. அப்படிப்பட்ட துறைமுகத்தில் ஆகஸ்டில் ஒரு வாரம் ஒரு கப்பல் பெரியவர்களோடு மட்டும் போனால், எந்தக் குழந்தையும் எதையும் இழக்காது.

சென்னைத் துறைமுகத்தின் கதை வேறு. 2022 ஜூனில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைக்க, கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் இங்கிருந்து கிளம்பியது. மறு ஆண்டு ஜூன் 5-ல் ஒன்றிய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைக்க, இலங்கைக்கு முதல் பயணம்: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. 17.21 கோடி ரூபாயில் கட்டிய பயணியர் முனையமும் நமக்கு இருக்கிறது. (1990-ல் ராயல் கரீபியனுக்காக நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல்தான் இந்த எம்பிரஸ், கடலில் வயதானவள், ஆனாலும் பார்க்க எனக்குப் பிடிக்கும்.) அந்தக் கப்பல் இங்கே ஆண்டு முழுவதும் நிற்பதில்லை. வரும் சில வாரங்களில், உள்நாட்டுப் பயணங்களில், பாஸ்போர்ட் எடுக்கவும் விமானம் ஏறவும் வசதி இல்லாத குடும்பங்கள்கூட ராஜாஜி சாலை வரை ஆட்டோவில் வந்து கப்பல் ஏறிக் கடலைப் பார்த்துவிடலாம். என் மூலம் சென்ற ஒரு குடும்பத்தில் 19 பேர், அறுபதாம் கல்யாணத்தை ஒட்டிப் போனார்கள். அதில் ஏழு பேர் பிள்ளைகள். இருப்பது ஒரே கப்பல், சில வாரங்கள். அதில் ஒரு பயணத்தைக்கூடப் பெரியவர்களுக்கென்று ஒதுக்க நான் சம்மதிக்க மாட்டேன். இங்கே நாம் கேட்க வேண்டியது, கப்பலுக்குள் பெரியவர்களுக்கு ஓர் ஒதுங்கிய பகுதி.

அந்த ஒதுங்கிய பகுதி என்பது புதிதும் இல்லை. ராயல் கரீபியன் கப்பல்களில் சோலாரியம் என்ற பகுதிக்கு 16 வயது எல்லை உண்டு. கார்னிவலில் செரினிட்டி என்ற பகுதிக்கு 21. குழந்தைகளுக்கென்றே பிறந்த டிஸ்னியின் கப்பல்களில்கூடப் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. ஆகாயத்திலும் இதைப் பார்த்திருக்கிறோம். இண்டிகோ 2016-ல் சில வரிசைகளை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்காமல் அமைதிப் பகுதி என்று அறிவித்தபோதும் இதே விவாதம் எழுந்தது. பகுதி ஒதுக்குவது எளிது, காப்பாற்றுவதுதான் கடினம். ஒரு பயணத்தில் நானே பார்த்தேன். குழந்தைகள் குளத்தைப் பழுது பார்ப்பதற்காக மூடிவிட்டார்கள். மறு அரை மணியில் பிள்ளைகள் அத்தனை பேரும் பெரியவர்கள் பகுதியில் இருந்தார்கள். வாசலில் ஒரு பணியாளர்கூட இல்லை. ஒரு முதியவர் ஐந்து வயதுப் பையனை அதட்டினார். பையனின் அப்பா முதியவரை அதட்டினார். அவர்களில் யார் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு தரப்பிடமும் பணம் வாங்கிவிட்டு, வாசலில் ஓர் ஆளை நிறுத்தாத நிர்வாகத்தின் மீதுதான் வந்தது. உங்கள் கப்பலில் நள்ளிரவு ஓட்டப்பந்தயம் நடந்ததும் இப்படித்தான். பதினொரு மணிக்குமேல் நடைவழியில் ஓடும் பிள்ளையை அறைக்கு அனுப்புவது கப்பல் ஊழியரின் வேலை. வரவேற்பு மேசைக்கு ஒரு போன் செய்தால் ஆள் வர வேண்டும். அடுத்த முறை தயங்காமல் செய்யுங்கள்.

பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒரு பயணத்தை அறிவிப்பதாக இருந்தால், ஓராண்டுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்துவேன். குடும்பங்கள் பணம் கட்டியபிறகு ‘உங்கள் பயணத்தை வேறு தேதிக்கு மாற்றிவிட்டோம்’ என்று சொல்வதை ஏற்க முடியாது. பள்ளி விடுமுறை நாட்களைத் தொடவே கூடாது. பிள்ளைகளுக்கு அந்த நாட்களை விட்டால் வேறு நாட்கள் இல்லை. உங்களுக்கும் எனக்கும் இருக்கின்றன.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்ட இடத்துக்கு வருகிறேன். நான்கு நாளில் உங்களை வருத்தியவை என்று மூன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: குளம், நடைவழி, சாப்பாட்டு மேசை. குளத்துக்கும் நடைவழிக்கும் இரண்டு வரிதான் செலவிட்டிருக்கிறீர்கள். மேசையைப் பற்றி எழுதும்போது உங்கள் கையெழுத்தே மாறியிருக்கிறது. சகோதரி, ‘எத்தனை குழந்தைகள்?’ என்று உங்களைக் கேட்டது ஒரு குழந்தையா? அந்தக் கேள்வியைக் குழந்தைகள் கேட்பதே இல்லை. டாக்டர் பெயரும் கோயில் பெயரும் விரதமும் சொன்னவர்கள் பெரியவர்கள். வளைகாப்பு வீட்டில் உங்களைக் குத்தியவரும் பெரியவர்தான். குழந்தைகளே இல்லாத கப்பலில் அந்த எட்டுப் பேர் மட்டும் ஏறியிருந்தால், அந்த மேசை இன்னும் மோசமாகத்தான் இருந்திருக்கும். பேரனைக் கவனிக்கிற வேலைகூட இல்லாமல் முழுநேரமும் உங்களையே கவனித்திருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தை இல்லாத கப்பல் என்றால் அமைதியான கப்பல் என்று எண்ணிவிடாதீர்கள். வெர்ஜின் வாயேஜஸ் கப்பலில் பச்சை குத்தும் நிலையமே இருக்கிறது. இரவு நெடுநேரம் ஆட்டமும் பாட்டும். அது அவர்கள் விரும்பிப் போகும் கொண்டாட்டம், குறையொன்றும் இல்லை. உங்களுக்கு அது ஏற்காது. நம் பக்கத்து இரண்டு நாள் வார இறுதிப் பயணங்களில் அலுவலக நண்பர்கள் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். அந்தச் சத்தத்துக்கு முன் குழந்தைகளின் சத்தம் ஒன்றுமே இல்லை. வைகிங் உங்கள் மனத்துக்கு ஏற்றது. மாலையில் சொற்பொழிவு, சங்கீதம், புத்தகங்கள். ஆனால் செலவு மிக அதிகம். பெரும்பாலும் ஐரோப்பாவில் போய் ஏற வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், நடுவில் அந்த நாடுகளின் எல்லைக்கு வெளியே போய்த் திரும்புவதானால் பலமுறை நுழையும் விசாவாக வேண்டும். ஐந்து ஆண்டுகளில் ஒருமுறை, இருபதாம் திருமண நாளுக்கு என்று சேர்த்து வைத்துப் போகலாம்.

அதுவரை, சிங்கப்பூர்ப் பயணத்தையே உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள முடியும். நீங்கள் போனது மே மாதம். நம் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விடுமுறை. ஜூனும் வேண்டாம், சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு அந்த மாதம் நான்கு வார விடுமுறை, வட இந்தியக் குடும்பங்களும் அப்போதுதான் வருகின்றன. ஜூலை முதல் பாதியில் ஆஸ்திரேலியாவில் விடுமுறை. நவம்பர் பாதியில் இருந்து டிசம்பர் முடியும்வரை சிங்கப்பூரில் மறுபடி நீண்ட விடுமுறை. ஜூலைக் கடைசியில் இருந்து ஆகஸ்ட் முடியும்வரை உள்ள வாரங்கள் நல்லவை. ஆகஸ்ட் 9 சிங்கப்பூரின் தேசிய நாள், 15 நம் சுதந்திர நாள். அவற்றை ஒட்டிய வார இறுதிகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

தேதிக்கு அடுத்து அறை. பக்கத்து அறைக்குக் கதவு வைத்த இணைப்பு அறையை எடுக்காதீர்கள். குடும்பங்கள் இரண்டு அறையாக எடுப்பது அவற்றைத்தான். அந்தக் கதவு வழியே எல்லாம் கேட்கும். குளம் இருக்கும் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையும் வேண்டாம். விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் உங்கள் தலைக்கு மேல்தான் கேட்கும். மேலும் கீழும் பயணிகள் அறைகளே இருக்கும் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியாகக் கேளுங்கள். அங்கே கப்பலின் ஆட்டமும் குறைவு. கப்பல் பினாங்கிலோ புக்கெட்டிலோ நிற்கும் நாளில் குடும்பங்கள் எல்லாம் காலையிலேயே இறங்கிவிடும். நீங்கள் இறங்காமல் இருந்து பாருங்கள். மதியம் வரை குளம் உங்களுடையது.

மேசைதான் மிக முக்கியம். குழுப் பயணமாகப் போகாதீர்கள். குழுவோடு போனால் சைவச் சாப்பாடு கேட்ட இந்தியர்களை எல்லாம் பெரும்பாலும் ஒரே பெரிய மேசையில் சேர்த்துவிடுகிறார்கள். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். தனியாகப் பதிவு செய்து, பதியும்போதே இருவர் மேசை வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, கப்பல் ஏறிய முதல் மணி நேரத்தில் உணவக மேலாளரைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டு பந்தி இருந்தால் பின்பந்தியைக் கேளுங்கள்; குழந்தைகளோடு வருகிறவர்கள் முன்பந்தியில் முடித்துக்கொள்வார்கள். அப்படியும் யாராவது வந்து உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டால், ‘நாங்கள் இருவர்தான்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். விளக்கம் சொல்லக் கடமை இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஒரு தம்பதி இதே இரண்டு சொற்களைத்தான் (அவர்களுக்கு அது மூன்று ஆண்டுப் பழக்கம்) எங்கே போனாலும் சொல்கிறார்கள். மேலே கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றார் அந்தப் பெண்.

நாத்தனாரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன்: கூட்டத்தில் சொன்னதற்குக் கூட்டத்தில் பதில் வேண்டாம். ஒரு சனிக்கிழமை, பையனைக் கூப்பிட அவர் வரும்போது, தனியாக, ‘அன்று நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது, அண்ணி’ என்று மட்டும் சொல்லுங்கள். அவர் என்ன செய்கிறார் என்பது அவர் பாடு. உங்கள் கணவரும் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால் நல்லது.

டிக்கெட் பற்றிக் கடைசியாக. சிங்கப்பூரில் ஏறிச் சிங்கப்பூரிலேயே இறங்கும் பயணத்துக்கு, பலமுறை நுழையும் விசா இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் மலேசியாவோ தாய்லாந்தோ போய்த் திரும்புகிறீர்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். வார இறுதியைத் தொடாத பயணங்களில் பிள்ளைகள் இன்னும் குறைவு. ஆகஸ்ட் கடைசியில், திங்கள்கிழமை ஏறி வெள்ளிக்கிழமை காலை இறங்குகிற நான்கு இரவுப் பயணமாகத் தேடுங்கள். சென்னைக்கு விமானம் நாலு மணி நேரம்தான். வெள்ளி இரவே வீடு வந்துவிட்டால், சனிக்கிழமைக் கணக்கு வகுப்பும் தவறாது.